சாமி வராத நாளில் நான் சொன்ன வாக்கு

என் அம்மா இருந்தாள். வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு முதல் வரிசையில் நின்றாள்.

தங்கை தனம் இருந்தாள். ஈரத் தலை, மஞ்சள் தாவணி. பதினெட்டு வயது.

உடுக்கை அடிக்கும் பெரியசாமி மாமா இருந்தார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீராசாமி இருந்தார். அவர் மனைவி ராக்கம்மா அக்கா இருந்தாள். லயத்து வீடுகளைப் பூட்டிவிட்டு வந்த சனம் இருந்தது. பொங்கல் பானைகள் இருந்தன. காலைக் கட்டிப் போட்ட சேவல்கள் இருந்தன.

நான் இருந்தேன்.

சாமி மட்டும் இல்லை.

சாமி என் மேல் வரவில்லை. வந்ததாக ஆடினேன். சாமி பேசவில்லை. நான் பேசினேன். என் தங்கை எங்கே போகக் கூடாது, எப்படி வாழ வேண்டும் என்பதை ஒரு நடுப்பகலில், சாமி குரலில், நான் சொன்னேன்!

சொல்லிவிட்டேன். இனி மீதி.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. எழுதிப் பழக்கம் இல்லை. சுற்றி வளைக்கத் தெரியாது. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாதவர் என்பதால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைக் கும்பிடுகிறவர்கள்…

ஈப்போவில் பஸ் ஏறி, இறங்கி, செம்மண் சாலையில் ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் தோட்டம். ரப்பர் மரங்கள். ஊடே ஓர் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் லயங்கள். அந்தப் பக்கம் முனியாண்டி கோயில். கோயில் என்றால் ஒரு கல், ஒரு சூலம், மேலே தகரக் கூரை. அவ்வளவுதான். ஆனால் அதற்குள்தான் எங்கள் எல்லாம் இருந்தது.

அப்பா பால்மரம் வெட்டியவர், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. ஆண்டில் ஒரு நாள் மட்டும் சாமி. மற்ற நாளெல்லாம் மண்டோர் அவரை "டேய் கோவிந்தா" என்பார். அந்த ஒரு நாள் மண்டோர் அவர் காலில் விழுவார். அடுத்த நாள் காலையில் மறுபடி "டேய் கோவிந்தா". இரண்டையும் அப்பா ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்வார்.

எங்கள் தோட்டத்தில் யாரும் தாமாக எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். பெண் கொடுக்கலாமா, வேறு தோட்டத்துக்கு மாறலாமா, ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிக்கச் சொல்கிறார்களே, கிழிக்கலாமா… எல்லாவற்றையும் டிசம்பர் பூசை வரை வைத்திருந்து முனியைக் கேட்பார்கள். எலுமிச்சம்பழம் கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால் இல்லை. அதன்மேல் பேச்சு கிடையாது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். பையனை டவுன் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றார். அம்மா சாமியைக் கேட்டாள். அப்பா மேலிருந்த சாமி என் தலையில் திருநீற்றை அடித்துச் சொன்னது.

"மூத்தது எல்லையைத் தாண்டக் கூடாது."

அடுத்த மாதம் நான் பால் வாளி சுமந்தேன். அழவில்லை. சாமி சொன்னால் சொன்னதுதான். யார் மேல் கோபப்படுவது?

தனத்துக்குச் சாமி எதுவும் சொல்லவில்லை. அவள் தோட்டத்து லோரியில் டவுன் பள்ளிக்குப் போனாள். அவள் பள்ளிச் சப்பாத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் வெள்ளை பூசுவேன். வெயிலில் காய வைத்து, பூனை மிதிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவள் மேல் வருத்தம் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்து நாலாம் ஆண்டு தொடக்கத்தில் அப்பா ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெஞ்சில் சளி. தனம்தான் கூட இருந்தாள். அங்கே வெள்ளை உடுப்போடு நடமாடிய மிஸ்ஸிகளைப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, நானும் மிஸ்ஸியா போறேன்" என்றாள். தாதி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்களுக்கு மிஸ்ஸிதான்.

அப்பா சாவதற்கு முன்தினம் என்னைக் கூப்பிட்டார். சாமியாக இல்லை. இளைத்துப்போன ஆளாக.

"தனத்த அது ஆசப்பட்டத படிக்க வுடு. வீட்ட நீ பாத்துக்க."

"சரிப்பா."

இந்த ஒரு சொல்லைத்தான் நான் காப்பாற்றவில்லை.

வீடு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்து வீடு நம் வீடு அல்ல. வேலை செய்கிறவர் இருக்கும்வரை வீடு. காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. இருட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிப்பார். வாசிக்கும் பெயர்களில் நம் வீட்டுப் பெயர் ஒன்றாவது இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆகவே நானோ தனமோ, ஒருவர் தோட்டத்தில் இருந்தால் வீடு நிற்கும். இருவரும் போனால் அம்மா வாசலுக்கு வெளியே.

ஒருவர் போகலாம். ஒருவர் இருக்க வேண்டும்.

ஆண்டுக் கடைசியில் தனத்துக்கு ஈப்போவில் மிஸ்ஸிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஜனவரியில் போய்ச் சேர வேண்டும்.

அதே வாரம் எனக்கும் ஒன்று வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தோட்டத்துக் கடைக்குச் சாமான் கொண்டுவரும் சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம். ஈப்போக்காரர். எங்கள் பேச்சை எங்களைவிடச் சத்தமாகப் பேசுவார். அரிசி மூட்டை இறக்க நான் கை கொடுப்பது வழக்கம். அன்று மூட்டை மேல் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்.

"ராசு, நீ என்னா மரத்த சொறண்டிகிட்டே கெடக்க? என் லோரியிலே கெலிண்டான் வேலைக்கு வா. சாமான் ஏத்து, எறக்கு. ரெண்டு வருஷம் பின்னே நீயே டிரைவர்."

"வீட்ல கேக்கணும் தவுக்கே."

"கேளுலா. ஆனா ஜனவரிக்கு ஆள் வேணும். நீ இல்லே, வேற ஆள்."

அன்று இரவு தூக்கம் இல்லை. பத்து வருடமாக ஒரே நிரை மரங்கள். ஒரே கொசு. கழுவினாலும் போகாத பால் நாற்றம், சோற்றிலும் அது. லோரியின் முன்சீட்டில் உட்கார்ந்து கம்பார், தைப்பிங், பாரிட் புந்தார் என்று போகிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். கண்ணாடி வழியாகக் காற்று வந்தது. வந்தது என்றால்… மனதில்தான்.

எனக்கும் ஆசை இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாமியைத்தான் கேட்போம்.

"எதுக்கும் முனிய ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்றாள் அம்மா. "அப்பா சொல்லிட்டாருலம்மா" என்றாள் தனம். "அப்பா சொன்னாரு. சாமி சொல்லலயே" என்றாள் அம்மா.

பூசை வந்தது. அப்பா இல்லாத முதல் பூசை. சாமி யார் மேல் இறங்கும் என்று தோட்டமே பேசியது. கோவிந்தன் மகன் மேல்தான் என்றார்கள். எனக்கு விரதம் வைத்தார்கள். மஞ்சள் துணி கட்டினார்கள். உச்சி வெயிலில் கல்லுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

பெரியசாமி மாமா உடுக்கையை எடுத்தார்.

நான் உண்மையாகவே காத்திருந்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். கண்ணை மூடி, வா என்று கூப்பிட்டேன். வரவில்லை. வேர்வை வந்தது. பசி வந்தது. காதுக்குப் பக்கத்தில் ஒரு குளவி வந்தது. வேறொன்றும் வரவில்லை. உடுக்கைச் சத்தம் தளர்ந்தது. பின்னால் முணுமுணுப்பு கேட்டது.

"முனி கோவிச்சிக்கிச்சு போல."

"இவன் அப்பன் மாதிரி இல்லலா."

கண்ணைத் திறந்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனும் போய், சாமியும் போய்விட்டால் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள்? அந்த முகத்தைப் பார்த்தேன். இடது காலைத் தூக்கி ஓங்கி மிதித்தேன்.

அப்பா அப்படித்தான் தொடங்குவார். முதலில் இடது கால். பிறகு பல்லை நறநறவென்று கடிப்பது. பிறகு தொண்டைக்குள் ஒரு உறுமல். சிறு வயதிலிருந்து பார்த்தது. உடம்புக்கே தெரிந்திருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அம்மா அழுதுகொண்டே கும்பிட்டாள்.

இதுவரை செய்தது அம்மாவுக்காக. இதோடு நின்றிருந்தால் இன்று எழுத மாட்டேன்.

மண்டோர் சோதனை செய்தார். அது வழக்கம். எரியும் கற்பூரத்தை நாக்கில் வைத்தார். சாமி வந்தவனுக்குச் சுடாது என்பார்கள். சுட்டது! கண்ணுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ வெடித்தது. நான் முகத்தை அசைக்கவில்லை. வாயை மூடி அணைத்தேன். வலியைக் காட்டாமல் இருப்பது எனக்குச் சுலபம். பத்து வருடத்தில் தோட்டம் கற்றுக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.

மண்டோர் காலில் விழுந்தார்.

முதலில் வந்தது அவர் மனைவி ராக்கம்மா அக்கா.

"சாமி, நாலு நம்பரு ஒன்னு குடு சாமி. கஷ்டமா இருக்கு."

பெரியசாமி மாமா உடுக்கையை நிறுத்தினார். "ஏக்கா, வந்ததும் வராததுமா சாமிகிட்ட சூதாட்டமா?"

"நீ ஒன் உடுக்கைய அடிலா. சாமிக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும்."

"போன வருஷமும் இதத்தான் கேட்ட."

"போன வருஷம் அடிக்கல, அதான் மறுபடி கேக்கறேன்!"

சனம் சிரித்தது. நான் சிரிக்க முடியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த நம்பர் ஒன்றுதான். தவுக்கே லோரியின் நம்பர்.

அடுத்து அம்மா. தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஐயா, பொட்டப் புள்ள. மிஸ்ஸி வேலைக்கு ஈப்போ போவணுங்குது. உத்தரவு குடுக்கணும்."

தனம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம்கூடப் பயம் இல்லை. உதட்டோரம் சிரிப்பு. அண்ணன் மேல் வந்த சாமி அல்லவா… வேறென்ன சொல்லிவிடும்?

அவள் கேட்டது ஓரெழுத்து. 'போ.' கையில் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. கொடுத்துவிட்டால் முடிந்தது.

அவள் தலைக்கு மேலே, ஆற்றுக்கு லயத்துப் பக்கம், கடை வாசலில் லோரி நிற்பது தெரிந்தது. பூசைக்குச் சாமான் இறக்க வந்த லோரி.

"எல்லையைத் தாண்டக் கூடாது."

அப்பாவின் வாக்கியம். அதே இழுப்பு. சாமி பேச்சு என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"தாண்டுனா ஐயா?" என்று அம்மா கேட்டாள்.

"தாண்டினால் இந்த வீட்டில் விளக்கு எரியாது."

இது அப்பா சொன்னதல்ல. இது என் சொந்தச் சரக்கு.

தனத்தின் முகம் எப்படி மாறியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாது. பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன்.

சாமி மலையேறியதும் விழுந்தேன். தண்ணீர் தெளித்தார்கள். கண் விழித்தால் தனம் விசிறிக்கொண்டிருந்தாள். விசிறியது அவள்! வாயில் நீராகாரம் ஊற்றினாள். நாக்கைக் கண்டுவிட்டாள்.

"நாக்கு வெந்து போயிருக்கேண்ணே."

"ம்."

"அப்பாவுக்கு சுட்டதே இல்லையே."

"புது ஒடம்புலா" என்றேன்.

அவள் விசிறியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். விசிறுவதை நிறுத்தவில்லை.

மறுநாளே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் பொறுத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். நாக்கு ஆறட்டும் என்று. சாக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மா அக்கா லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கத்திக்கொண்டு ஓடினாள். நம்பர் அடித்துவிட்டது! லோரி நம்பர். நான் சொன்ன அதே நான்கு இலக்கம். லயத்தில் பாதி வீடுகள் அதில் பணம் வைத்திருந்தன. ஆளுக்குக் கொஞ்சம் கிடைத்தது. கோழி அடித்தார்கள். என் வாசலில் வந்து சூடம் கொளுத்தினார்கள்.

இது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாமி இல்லாத வாயில் சொன்ன நம்பர் ஏன் அடிக்க வேண்டும்? என்னைத் தண்டிக்கவா? தெரியவில்லை…

தனத்துக்காக அதுவரை பரிந்து பேசியவர் பெரியசாமி மாமா ஒருவர்தான். "படிச்ச புள்ளைய ஏம்மா அடைக்கற? இன்னொரு தரம் உத்தரவு கேட்டுப் பாப்போம்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். நம்பர் அடித்ததும் அவரும் வாயை மூடிக்கொண்டார்.

"நம்பரே சரியா சொன்ன சாமி, புள்ள விஷயத்துல தப்பா சொல்லுமா?"

அவ்வளவுதான். தனம் ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதினாள். வர இயலவில்லை என்று. அழகான கையெழுத்து. அதைச் சைக்கிளில் கொண்டுபோய்த் தபாலில் போட்டதும் நான்தான்.

ஜனவரியில் அவள் அம்மாவின் பழைய வாளியோடு பெரட்டில் நின்றாள். கிராணி அவள் பெயரை வாசித்தார். "இருக்கேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அன்று வேலை முடிந்ததும் மண்டோரிடம் போனேன்.

"அண்ணே, என் பேர எடுத்துருங்க. ஈப்போ போறேன். லோரி வேலைக்கு."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். அப்பாவை 'டேய்' என்ற மனிதர், என்னை அதற்குப் பிறகு ஒருநாளும் 'டேய்' சொன்னதில்லை.

"என்னா தம்பி பேசற? சாமி எறங்குன ஒடம்பு. நீ எல்லைய தாண்டுனா தோட்டம் என்னாவறது?"

"தங்கச்சிதான் இருக்கேண்ணே. வீட்டுக்கு ஒரு ஆளு போதும்ல."

"தங்கச்சி மேலயா சாமி வந்துச்சு? சாமி அதுக்கு சொன்னது ஒனக்கும்தான்லா. ஒரே வீடு, ஒரே வெளக்கு. ஒங்கம்மாகிட்ட கேளு, வுடுவாளா?"

வாயைத் திறந்தேன். 'சாமி வரலண்ணே.' இரண்டே சொல். சொன்னால் தனம் போய்விடலாம். அந்த வாரமே பஸ் ஏறினாலும் அவளைச் சேர்த்துக்கொண்டிருப்பார்களோ என்னவோ. நான் தோட்டத்தின் சிரிப்புக்கு ஆளாகியிருப்பேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் போயிருப்பாள்!

"சரிண்ணே" என்றேன். திரும்பி வந்தேன்.

அந்த வாரம் லோரி வந்தபோது முன்சீட்டில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். தவுக்கே என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் மூட்டை இறக்கினேன்.

ஒருவர் போதும் என்ற வீட்டில் இருவர் இருந்தோம்.

இதை எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். அவளைப் பிடித்து வைத்தது நான் போவதற்காக. என்னைப் பிடித்து வைத்தது நான் சொன்ன அதே பொய். சரிக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லலாமா? ஆகாது. நான் செய்தேன், நான் பட்டேன். அவள் என்ன செய்தாள்?

இன்னொன்றும் யோசிப்பேன். அதை யோசிக்கப் பயமாக இருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா மேலிருந்து பேசியது யார்? சாமியா… அல்லது வாளி சுமக்க ஒரு கை வேண்டியிருந்த மனிதரா? சாமி என்றால் நான் மட்டும்தான் பொய்யன். அப்பா என்றால்… வேண்டாம். இதற்கு மேல் எழுத வரவில்லை.

அடுத்த ஆண்டே தனத்துக்குக் கல்யாணம். பெண் இங்கேயே இருக்கப் போகிறது, பிறகு எதற்குத் தள்ளிப் போடுவது என்றாள் அம்மா. மாப்பிள்ளை ரெங்கன், அதே தோட்டத்துப் பையன். நல்லவன். குடிப்பான், ஆனால் அடிக்க மாட்டான். மறு ஆண்டு ஒரு பெண் குழந்தை. கலா.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இருக்கலாம்.

எண்பதுகளில் ரப்பர் மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். எங்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் வீடும் இல்லை. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், நல்லவேளை. நாங்கள் எல்லாரும் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். எல்லாரும்! எந்தச் சாமியையும் கேட்கவில்லை. எல்லையை லோரியில் ஏறித் தாண்டினோம். சட்டி பானையோடு. எந்த வீட்டிலும் விளக்கு எரியாமல் போகவில்லை.

அன்று லோரியில் தனம் என் எதிரில், சுருட்டிய பாய் மேல் உட்கார்ந்திருந்தாள். பாலத்தைக் கடக்கும்போது அவள் ஆற்றையும் பார்க்கவில்லை, கோயிலையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

இப்போது நான் ஒரு மரக்கடையில் ஜாகா, காவல்காரன். கேட்டைத் திறப்பேன், மூடுவேன். தனம் ரப்பர் கையுறை செய்யும் ஃபேக்டரியில் இருக்கிறாள். உறைகளில் காற்றை ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பெட்டி பெட்டியாக ஆஸ்பத்திரிகளுக்குப் போகுமாம்.

கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது, செம்பனைக்கு நடுவில். டிசம்பர் வந்தால் வேன் பிடித்துப் போகிறோம். எங்கெங்கோ சிதறியவர்கள் எல்லாரும் வருகிறார்கள். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்துகூட ஒரு குடும்பம் வருகிறது. உடுக்கை அடிக்கிறார்கள். நான் இடது காலைத் தூக்குகிறேன். கற்பூரம் சுடுகிறது. சொல்கிறேன். ஆனால் அன்றைக்குப் பிறகு யாரிடமும் 'கூடாது' என்று சொன்னதில்லை. யார் எது கேட்டாலும் 'போ', 'செய்', 'நடக்கும்'. நல்ல சாமி என்று பெயர்.

போன பூசைக்குத் தனம் கலாவோடு வந்து முன்னால் நின்றாள். ரெங்கன் பின்னால். கலா ஆறாம் வகுப்பில் நன்றாகச் செய்திருந்தாள். தைப்பிங்கில் விடுதியோடு ஒரு பள்ளியில் இடம் வந்திருந்தது.

"சாமி, புள்ளைய அனுப்பலாமா?"

அவள் குரல் நடுங்கவில்லை. நான் அவசரமாக, கிட்டத்தட்ட அவள் முடிப்பதற்குள், பழத்தைக் கலாவின் கையில் வைத்துவிட்டேன்.

"போகட்டும். தடையில்லை."

குலவை எழுந்தது. ரெங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்த ஆள் வர இடம் விட வேண்டும். தனம் நகரவில்லை.

"சாமி, ஒன்னு கேக்கலாமா?"

நான் உறுமினேன். அது சம்மதம் என்று வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

கோபம் இல்லை. அழுகை இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். முப்பத்திரண்டு வயதில் காதோரம் நரை விழுந்த என் தங்கை, கையைக் கட்டிக்கொண்டு, பதிலுக்காக நின்றாள்.

உடுக்கை நின்றுவிட்டது. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

சொல்லியிருக்கலாம்… சாமி குரலிலேயே சொல்லியிருக்கலாமே! 'நான் சொல்லவில்லை மகளே, உன் அண்ணன் சொன்னான்' என்று. பொய் வாயாலேயே உண்மை வந்திருக்கும். அப்போது அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

முட்டியை மடக்கி விழுந்தேன்.

"சாமி மலையேறிருச்சு, மலையேறிருச்சு" என்று கத்தினார்கள். தண்ணீர் தெளித்தார்கள். இந்த முறை விசிறியது வேறு யாரோ.

திரும்பும்போது வேனில் தனம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கலா அவள் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். கையில் பழம் அப்படியே இருந்தது. ஆட்டத்தில் சொன்னதும் கேட்டதும் ஆடியவனுக்கு நினைவிருக்காது என்பது எங்கள் வழக்கம். ஆகவே நான் எதுவும் தெரியாதவனாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். செம்பனை, செம்பனை, செம்பனை.

"அண்ணே."

"ம்."

"ஒனக்கு ஞாபகம் இருக்காதுலா. இன்னிக்கு நான் சாமிகிட்ட ஒன்னு கேட்டேன்."

"என்னா கேட்ட?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கற்பூரத்துக்கு அசையாத முகம். அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

"ஒன்னுமில்லண்ணே. பதில் வரல."

"சாமி அப்படித்தான். சில நேரம் பேசாது."

"தாபாலா" என்றாள். பரவாயில்லை என்றுதான் அர்த்தம். பிள்ளையின் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "அடுத்த வருஷம் மறுபடி கேக்கறேன்."

அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்கிறாளா? நான் சொல்ல வேண்டும் என்று வழி விட்டுக் காத்திருக்கிறாளா? அல்லது இன்னும் நம்புகிறாளா? எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால்கூடச் சொல்ல வேண்டாம்.

கலா தைப்பிங்கில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் மாமா என்று ஓடி வருகிறாள். அதில் எனக்குக் கணக்குத் தீரவில்லை. மகளுக்குக் கொடுத்ததால் தாய்க்குக் கொடுத்ததாகாது.

நேற்று தனம் ஃபேக்டரியிலிருந்து நேராக வந்து, வேனுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். மஞ்சள் துணியைத் துவைத்து மடித்து என் கட்டில் மேல் வைத்தாள். விரதத்துக்குக் காய்கறி வாங்கி வைத்தாள். போகும்போது கதவோரம் நின்று, "இந்தத் தடவ சாமி பேசும்ண்ணே" என்றாள்.

பூசைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.